பரோடிட் சுரப்பி சுருங்குவதை ஸ்கேன் படத்தில் அளப்பது எப்படி? வாய் வறட்சியை முன்கணிக்க ஒரு தொடக்கப் பயிற்சி

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை முடித்து ஓராண்டு ஆன ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால் வாய் வறட்சி என்றால் என்னவென்று புரியும். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். முறுக்கு, ரொட்டி பக்கம் போகவே மாட்டார். ரசத்தில் கரைத்த சோறாக இருந்தால் மட்டும் சற்று நிம்மதியாக விழுங்குவார். இந்த நிலை யாருக்கு வரும் என்பதைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, அதற்காக எடுக்கும் ஸ்கேன் படங்களை வைத்தே ஓரளவு கணிக்க முடியும். அந்தக் கணிப்பின் முதல் சில படிகளை, மருத்துவ இயற்பியலோ கதிர்வீச்சுத் தொழில்நுட்பமோ இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது பயிற்சிக்கானது, ஒரு நோயாளியின் சிகிச்சையை இதை வைத்து யாரும் மாற்றக் கூடாது.

முதலில் சிறிது பின்னணி. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீரில், உணவை மெல்லும்போது ஊறுவதில் பெரும்பங்கு காதுக்கு முன்னும் கீழுமாக அமைந்துள்ள பரோடிட் சுரப்பிகளிலிருந்து வருகிறது. சும்மா இருக்கும்போது வாயை ஈரமாக வைத்திருப்பது பெரும்பாலும் கீழ்த்தாடைச் சுரப்பிகளின் வேலை. தொண்டைப் புற்றுநோய்க்கு வழக்கமாக ஏழு வாரங்களில் 35 தவணைகளாக 70 கிரே கதிர்வீச்சு கொடுக்கிறார்கள் (கிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவை, அதாவது டோஸைச் சொல்லும் அலகு). பரோடிட் சுரப்பி தாங்கக்கூடிய சராசரி டோஸ் ஏறத்தாழ 26 கிரே என்று மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 1999இல் காட்டியது. ஒரு பக்கச் சுரப்பியையாவது 20 கிரேக்குக் கீழே, இயலாவிட்டால் இரண்டையும் 25 கிரேக்குக் கீழே வைக்க வேண்டும் என்று இயல்பான உறுப்புகள் தாங்கும் டோஸைத் தொகுத்து 2010இல் வெளிவந்த குவான்டெக் பரிந்துரை சொன்னது. டோஸைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வளைக்கும் ஐஎம்ஆர்டி முறை இதில் எவ்வளவு உதவுகிறது என்பதை பிரிட்டனின் பார்ஸ்போர்ட் ஆய்வு 2011இல் எண்களாகவே காட்டியது: பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குப் பின் இரண்டாம் நிலை அல்லது அதைவிடக் கடுமையான வாய் வறட்சி இருந்தது, ஐஎம்ஆர்டி பெற்றவர்களில் அது 38 சதவீதம்.

அந்த 38 சதவீதம்தான் நம் கேள்வி. கதிர்வீச்சு எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று வகுக்கும் சிகிச்சைத் திட்டத்தில் டோஸ் வரம்புக்குள் இருந்தும் சிலருக்கு வாய் வறண்டுபோவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, திட்டம் சிகிச்சைக்கு முன் எடுத்த ஒரே படத்தின் மேல் போடப்படுகிறது என்பது. சுரப்பி அந்தப் படத்தில் இருந்தபடியே ஏழு வாரம் இருப்பதில்லை. ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 14 நோயாளிகளுக்கு மீண்டும் மீண்டும் சிடி எடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. பரோடிட் நாளொன்றுக்கு நடுமதிப்பாக 0.19 கன சென்டிமீட்டர் சுருங்குவதையும், நடுமதிப்பாக 3.1 மில்லிமீட்டர் உட்பக்கமாக நகர்வதையும் அது பதிவு செய்தது. டோஸ் அதிகமாக இருப்பதும் அந்த உட்பக்கத்தில்தான்.

படி 1: படமும் மென்பொருளும்

கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ் என்னும் பொதுத் தரவகத்தில் எச்என்எஸ்சிசி-3டிசிடி-ஆர்டி என்ற தொகுப்பு இருக்கிறது. 31 நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கு முன், இடையில், பின் என மூன்று முறை எடுத்த சிடி படங்கள் அதில் உள்ளன. பெயர் முதலிய அடையாளங்கள் நீக்கப்பட்டவை. நம் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமானது வேண்டியதில்லை. மென்பொருளுக்கு, இலவசமாகக் கிடைக்கும் த்ரீடி ஸ்லைசரை நிறுவி, அதற்குள் ஸ்லைசர்ஆர்டி என்ற இணைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இணைப்பு இல்லாவிட்டால் உறுப்பு வரைகோடுகளும் டோஸ் கோப்பும் திறக்காது. முதல் நாள் பலரும் தடுக்கி விழும் இடம் இது.

ஒரு நோயாளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 31 பேரையும் ஒரே மூச்சில் செய்துவிடலாம் என்ற ஆசை வரும். அதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

படி 2: சுரப்பியை வரைதல்

முதல் சிடியைத் திறந்து, மென்திசு தெரியும்படி ஒளிச்சாளரத்தை 350 அகலம், 40 மையம் என்ற அளவில் வையுங்கள். பரோடிட் கொழுப்பு கலந்த சுரப்பி என்பதால், தசையைவிடக் கருமையாகவும் தோலடிக் கொழுப்பைவிட வெளிறியும் தெரியும். முன்னால் மெல்லும் தசையும் தாடையெலும்பின் ஏறுபகுதியும் இருக்கும். பின்னால் காதுக்குப் பின்னுள்ள முலையுரு எலும்பும் கழுத்தின் பக்கத்தசையும் இருக்கும். இவற்றுக்கு இடையில் உள்ள பள்ளத்தைச் சுரப்பி நிரப்பியிருக்கும். தாடையெலும்புக்குப் பின்னால் உள்நோக்கி நுழையும் ஆழ்மடலை விட்டுவிடாதீர்கள். ஸ்லைசரின் செக்மென்ட் எடிட்டரில் மூன்று துண்டுப் படத்துக்கு ஒன்று என்று வரைந்து, இடைத் துண்டுகளை நிரப்பும் வசதியைப் பயன்படுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திருத்துவது கைக்கு எளிது. எல்லைகளில் ஐயம் வந்தால், பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட தலை, கழுத்து உறுப்பு வரைதல் வழிகாட்டியைப் பாருங்கள். தொகுப்போடு வரைகோடு வந்திருந்தாலும் அதை மறைத்துவிட்டு நீங்களே வரைந்து, பின்பு ஒப்பிடுங்கள்.

பல்லில் உலோக அடைப்பு உள்ளவர்களுக்குப் படத்தில் வெள்ளைக் கோடுகள் விசிறிபோல் பரவும். அவை சுரப்பியின் மேல் விழும் துண்டுகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஐந்தாம் படியில் தேவைப்படும்.

படி 3: உங்கள் கையின் பிழையை அளத்தல்

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகும் படி இது. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுவே. நான் கற்றுக்கொண்ட நாட்களில் ஒரு சுரப்பி மூன்று வாரத்தில் 12 சதவீதம் சுருங்கிவிட்டது என்று மகிழ்ச்சியோடு மூத்தவரிடம் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. இரண்டு வரைகோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டாவது படத்தில் ஆழ்மடலை நான் வரையவே இல்லை. சுரப்பி சுருங்கவில்லை, என் பேனாதான் சுருங்கியிருந்தது.

ஆகவே அதே முதல் சிடியில் அதே சுரப்பியை வெவ்வேறு மூன்று நாட்களில், பழைய கோட்டைப் பார்க்காமல் வரையுங்கள். மூன்று கன அளவுகளையும் எழுதுங்கள். 27.1, 28.4, 28.5 என்று வந்தால் உங்கள் கையின் ஆட்டம் ஏறத்தாழ ஒன்றரை கன சென்டிமீட்டர். இனிமேல் இரண்டு படங்களுக்கு இடையில் அதைவிடக் குறைவான வித்தியாசம் எது வந்தாலும் அது சுரப்பியின் மாற்றமா, கையின் ஆட்டமா என்று உங்களால் சொல்ல இயலாது. ஆட்டம் பெரிதாக இருந்தால் அடுத்த படிக்குப் போகாமல் வரைந்து பழகுங்கள்.

படி 4: இரண்டு படங்களையும் பொருத்துதல்

சிகிச்சையின் நடுவில் எடுத்த சிடியைத் திறந்து, முதல் சிடியின் மேல் பொருத்துங்கள். தொடக்கத்தில் வளைக்காமல் நகர்த்தியும் சுழற்றியும் மட்டும் பொருத்தும் முறையே போதும். மண்டையோட்டின் அடிப்பகுதியும் கழுத்து முள்ளெலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்துள்ளனவா என்று கண்ணால் பாருங்கள். எலும்பு பொருந்திய பிறகு தோல் பொருந்தாமல் உள்ளே போயிருந்தால் அது பிழையன்று, நோயாளி இளைத்திருக்கிறார். தலை அசையாமல் இருக்கப் போடும், முதல் நாள் முகத்தோடு ஒட்டியிருந்த மாஸ்க் நான்காம் வாரம் கன்னத்தருகே தளர்ந்து நிற்பதைச் சிகிச்சை அறையில் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் உடனே புரியும்.

படி 5: கன அளவும் அடர்த்தியும்

இரண்டாவது சிடியில் சுரப்பியைப் புதிதாக வரைந்து, செக்மென்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியில் இரண்டு எண்களை எடுங்கள்: கன அளவு, சராசரி ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (சிடி படத்தில் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் எண்). கணக்கு எளிது. முன்பு 28 கன சென்டிமீட்டர், இப்போது 24 என்றால், குறைவு 4. அதை 28ஆல் வகுத்தால் 14 சதவீதம். மூன்றாம் படியில் கண்ட ஒன்றரையைவிட நான்கு பெரிது என்பதால் இதை நம்பலாம்.

ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணில் தண்ணீர் சுழியம், கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100. சிகிச்சை வாரங்களில் பரோடிட்டின் சராசரி எண் சில அலகுகள் இறங்குவதையும், டோஸ் அதிகம் பட்ட சுரப்பிகளில் அந்த இறக்கம் அதிகமாக இருப்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் சில அலகுகள் என்பது மிகச் சிறிய மாற்றம். அதைப் பொய்யாக உண்டாக்கப் பல வழிகள் உண்டு. முதல் சிடி, திசுக்களை வெளிறக் காட்டும் ஊசி மருந்து (கான்ட்ராஸ்ட்) ஏற்றி எடுத்ததாகவும் இரண்டாவது ஏற்றாமல் எடுத்ததாகவும் இருந்தால் எண் தானாகவே இறங்கும். அந்த ஒப்பீட்டைத் தூக்கி எறியுங்கள். உலோகக் கோடு விழுந்த துண்டுகளை இரண்டு படத்திலும் நீக்கிவிட்டு அளந்திடுங்கள். சிகிச்சை எந்திரத்திலேயே எடுக்கும் கோன் பீம் சிடியில் சிதறல் கதிர்கள் அதிகம் என்பதால், அதில் கன அளவைப் பார்க்கலாமே தவிர, தனியாக அளவுத்திருத்தம் செய்யாமல் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை நம்பக் கூடாது.

படி 6: புதிய இடத்தில் பழைய டோஸ்

டோஸ் கோப்பைப் பொருத்திய படத்தின் மேல் போட்டு, டோஸ்-கன அளவு வரைபடப் பகுதியில் இரண்டு வரைகோடுகளுக்கும் சராசரி டோஸைக் கேளுங்கள். உண்மையில் புதிய உடலமைப்பில் டோஸைத் திரும்பக் கணக்கிட வேண்டும். எனினும் ஃபோட்டான் சிகிச்சையில் உடல் சற்று இளைப்பதால் டோஸ் பரவியிருக்கும் விதம் பெரிதாக மாறுவதில்லை என்பதால், தொடக்கப் பயிற்சிக்கு இந்தத் தோராயம் போதும். புரோட்டான் சிகிச்சைக்கு இது பொருந்தாது.

நம் எடுத்துக்காட்டில் பழைய இடத்தில் 25 கிரே, உள்ளே நகர்ந்த இடத்தில் 31 கிரே என்று கொள்வோம். பாதிச் சிகிச்சை ஒரு நிலையிலும் மறுபாதி இன்னொரு நிலையிலும் நடந்ததாக வைத்தால் சுரப்பி வாங்கியது சராசரியாக 28 கிரே.

படி 7: டோஸிலிருந்து வாய்ப்பு

மிச்சிகன், உட்ரெக்ட் குழுக்கள் தங்கள் 222 நோயாளிகளின் அளவீடுகளை ஒன்றுசேர்த்து 2010இல் ஒரு வளைகோட்டைத் தந்தன. ஓராண்டுக்குப் பின் சுரப்பியின் உமிழ்நீர் ஓட்டம் தொடக்க அளவில் கால்வாசிக்கும் கீழே போய்விடும் வாய்ப்பு, 39.9 கிரே சராசரி டோஸில் 50 சதவீதம். வளைகோட்டின் சாய்வைக் குறிக்கும் எண் 0.40. இதைக் கையாலேயே கணக்கிடலாம். உங்கள் சராசரி டோஸிலிருந்து 39.9ஐக் கழியுங்கள், வந்ததை 39.9 பெருக்கல் 0.40, அதாவது 15.96ஆல் வகுங்கள், அந்த எண்ணுக்குரிய திரள் மதிப்பை இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பாருங்கள். 25 கிரேக்கு மைனஸ் 0.93 வரும், வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம். 28 கிரேக்கு மைனஸ் 0.75, வாய்ப்பு 23 சதவீதம். திட்டத் தாளில் இருந்த 18க்கும் படம் காட்டும் 23க்கும் உள்ள இடைவெளிதான் இதுவரை நீங்கள் செய்த உழைப்பின் பலன். அது சிறிதாகத் தோன்றலாம்; பலருக்குச் சிறிதாகவே இருக்கும், சிலருக்கு மட்டும் பெரிதாக இருக்கும்.

படி 8: கணிப்பு மாதிரி (மாடல்) கட்டும் ஆசை வரும்போது

பைரேடியோமிக்ஸ் போன்ற மென்பொருள் கருவி ஒரு சுரப்பியின் படத்திலிருந்து நொடிகளில் நூற்றுக்கு மேற்பட்ட அளவுகளை எடுத்துத் தரும். நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு, சிகிச்சைக்கு முந்தைய படத்தில் தெரியும் கொழுப்புத் தன்மையும், சிகிச்சையின்போது சுரப்பியின் மேற்பரப்பு குறையும் அளவும், பிற்கால வாய் வறட்சியைக் கணிப்பதில் டோஸோடு சேர்ந்து உதவுகின்றன என்று காட்டியிருக்கிறது. ஆனால் 31 பேரை வைத்து நூறு அளவுகளில் தேடினால் ஏதோ ஒன்று தற்செயலாகப் பொருந்தியே தீரும். வாய் வறட்சி வந்தவர்கள் பத்துப் பேருக்கு ஒரு மாறி என்பதைக் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நோயாளியின் இடச் சுரப்பியைப் பயிற்சிக்கும் வலச் சுரப்பியைச் சோதனைக்கும் பிரித்துப் போடாதீர்கள். விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதுவது போலாகிவிடும். சிகிச்சைக்கு முன்பே வாய் எவ்வளவு வறண்டிருந்தது என்ற கேள்விக்கான பதிலைச் சேர்க்காத மாதிரியை நான் நம்புவதில்லை. இந்த ஒரு பதிலுக்குப் பல பட அளவுகளைவிட எடை அதிகம்.

சுரப்பியின் வடிவத்தோடு அதன் வேலையையும் காட்டும் படங்கள் உண்டு: டெக்னீசியம்-99எம் ஏற்றி, இடையில் எலுமிச்சைச் சாறு கொடுத்துச் சுரப்பி எப்படிக் காலியாகிறது என்று பார்க்கும் சின்டிகிராஃபி அவற்றில் பழையது. நீரின் அசைவைப் பார்க்கும் எம்ஆர்ஐயும் இருக்கிறது. ஆனால் சிகிச்சை நாட்களில் எல்லோருக்கும் கைவசம் இருப்பது சிடிதான் என்பதால் இங்கே அதோடு நின்றேன்.

இப்படிக் கணிப்பதற்குப் பதிலாக எல்லோருக்கும் வாரந்தோறும் புதுத் திட்டம் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். பிரான்சில் 132 பேரிடம் அதைத்தான் செய்து பார்த்தார்கள். 2023இல் வெளியான ஆர்ட்டிக்ஸ் ஆய்வின் முடிவில், எல்லோருக்கும் பொதுவாக வாரம் ஒரு திட்டம் போட்டதால் உமிழ்நீர் ஓட்டம் மேம்படவில்லை. யாருக்குச் சுரப்பி உண்மையாகவே சுருங்கி உள்ளே நகர்கிறது என்று பிரித்தறிவதே மிஞ்சும் வேலை. உங்கள் எக்செல் தாளில் ஒவ்வொரு சுரப்பிக்கும் ஒரு வரிசை வைத்து, கன அளவுக் குறைவு, அடர்த்தி மாற்றம், இரண்டு டோஸ் எண்கள் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், மூன்றாம் படியில் கண்ட உங்கள் கையின் ஆட்டத்தையும் ஒரு கட்டத்தில் எழுதி வையுங்கள்.