வன்னியில் வீடு வாடகைக்கு: விளம்பரத்தில் தண்ணியை முதலில் எழுதுங்கள்

"வீடு வாடகைக்கு உண்டு. 3 அறை. சகல வசதிகளும் உண்டு." கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்து பேஸ்புக் குழுக்களைத் திறந்தால் இந்த மூன்று வசனம்தான் திரும்பத் திரும்ப வரும். இதைப் பார்த்துவிட்டு அழைப்பவர் முதலில் கேட்பது, "அண்ணை, தண்ணி எப்பிடி?" அடுத்தது, "அட்வான்ஸ் எவ்வளவு?" மூன்றாவது, "மெயின் ரோட்டில இருந்து எவ்வளவு உள்ளுக்கு?" சகல வசதியும் உள்ள வீட்டுக்கு இவ்வளவு கேள்வி வரக்கூடாது.

இந்த மூன்றுக்கும் விளம்பரத்திலேயே பதில் இருந்தால் அழைப்புகள் குறையும். குறையட்டும். பொருந்தாதவர் வாசித்துவிட்டுத் தாண்டிப் போவதும் விளம்பரம் செய்யும் வேலைதான். வெள்ளையடிப்பது, பைப் ஒழுக்கு அடைப்பது எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: யாருக்கு எழுதுகிறீர்கள்

கிளிநொச்சி நகரம் என்றால் மாவட்டச் செயலகம், வைத்தியசாலை, வங்கிகள், அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பீடங்கள். வவுனியா என்றால் செயலகம், வைத்தியசாலை, வங்கிகளோடு பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகம். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான பிறகும் ஊரில் அது "கம்பஸ்"தான். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கம் ஆசிரியர்களும் இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தர்களும்.

ஒவ்வொருவருக்கும் தேவை வேறு. வெள்ளி பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறி திங்கள் விடிய வந்திறங்குகிறவருக்கு ஒரு அறையும் ஸ்ரேசனுக்கு உள்ள தூரமும் போதும். பிள்ளைகளோடு வருபவர் பள்ளிக்கூடத்தின் தூரத்தைத்தான் முதலில் பார்ப்பார். வீட்டுக்குப் பொருந்தும் ஒரு கூட்டத்தைத் தெரிந்துகொண்டு, அவர்கள் தேடும் தூரங்களை மட்டும் எழுதுங்கள். கோயில், சந்தை, மைதானம் என்று பத்துத் தூரம் எழுதினால் ஒன்றும் கண்ணில் படாது.

காலமும் முக்கியம். அரச சேவையின் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி 1 இல் இருந்து நடைமுறைக்கு வரும். வீடு தேடுவது கார்த்திகை, மார்கழியில். அப்போது இங்கே அடைமழை. ஆகவே படங்களை ஆவணி, புரட்டாதியில் எடுத்து வைத்துவிட்டு, விளம்பரத்தை நவம்பர் முதல் கிழமையில் போடுங்கள்.

படி 2: தண்ணி

மற்றப் படிகளை எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். வன்னியில் வீடு பிடிக்காமல் திரும்பிப் போகிறவரைவிட, வந்து மூன்றாம் மாதம் தண்ணிக்காக எழும்பிப் போகிறவர்தான் வீட்டுக்காரருக்கு நட்டம்.

"நல்ல தண்ணி" என்று எழுதாதீர்கள். யாழ்ப்பாணத்தில் சவர்த் தண்ணி குடித்து வளர்ந்தவருக்கும் மலைநாட்டில் இருந்து வருபவருக்கும் நல்ல தண்ணி ஒன்றல்ல. நான்கு விஷயத்தைப் பிரித்து எழுதுங்கள்.

எங்கிருந்து வருகிறது: கட்டுக்கிணறா, குழாய்க்கிணறா, நீர் வழங்கல் சபையின் இணைப்பா. கிணறு பொது என்றால் எத்தனை வீட்டுக்குப் பொது என்பதும்.

கோடையில் எவ்வளவு நிற்கிறது: ஆவணிக் கடைசியில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி கிணற்றின் அடிவரை விடுங்கள். கயிற்றில் நனைந்த பகுதியை அளவு நாடாவால் அளந்தால் தண்ணியின் ஆழம். "ஆவணியில் 7 அடி தண்ணி நின்றது" என்ற ஒரு வசனம், "வற்றாத கிணறு" என்று பத்துத் தரம் சொல்வதைவிடப் பெறுமதி. மோட்டரை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, எவ்வளவு இறங்குகிறது, ஊறி மேலே வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றும் பாருங்கள். ஒரு மணித்தியாலத்திலேயே மோட்டர் பைப்பின் அடியில் உள்ள கால்வால்வு தெரிகிற கிணறு என்றால் நால்வர் உள்ள குடும்பத்துக்கு அந்த வீடு சரிவராது. இருவருக்கு என்று எழுதுங்கள்.

எதில் சேர்கிறது: தாங்கி 500 லீற்றரா 1000 லீற்றரா, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது. கூரை மட்டத்திலேயே வைத்த தாங்கியில் இருந்து ஷவருக்கு வேகம் வராது. அந்த வீட்டில் ஷவர் உண்டு என்று எழுதினால் முதல் நாளே கதை வரும்.

குடிக்கலாமா: இங்கேதான் பெரும்பாலானவர் வழுக்குகிறார்கள். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு, தலைக்கு வைத்தால் நுரைக்காத சவர்க்காரம், குழாய் வாயில் சுண்ணாம்பு: இதெல்லாம் வன்மையான தண்ணி. தண்ணியில் கரைந்த திண்மங்களின் அளவைக் காட்டும், பேனா அளவில் விற்கும் டி.டி.எஸ். மீற்றர் ஒன்றை வாங்கி அளந்து பார்க்கலாம். எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைத் தரம் குடிதண்ணீரில் கரைந்த திண்மங்களுக்கு லீற்றருக்கு 500 மில்லிகிராம், மொத்த வன்மைக்கு 250 மில்லிகிராம், புளோரைட்டுக்கு 1 மில்லிகிராம் என்று மேலெல்லை வைத்திருக்கிறது. ஆனால் அந்த மீற்றர் புளோரைட்டைத் தனியாகக் காட்டாது. 300 என்று காட்டிய தண்ணியிலும் புளோரைட் கூடுதலாக இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணி வற்ற வற்றச் செறிவுதான் கூடும். வவுனியா போன்ற உலர்வலயப் பகுதியில் சிறுநீரக நோய்ப் பயம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மீற்றர் இலக்கத்தை வைத்துக்கொண்டு "குடிக்க உகந்தது" என்று எழுதவே கூடாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்து எடுத்த அறிக்கை இருந்தால் அதைப் படமாகப் போடுங்கள். இல்லையென்றால் உள்ளதை எழுதுங்கள்: "குளிக்க, துவைக்க கிணற்றுத் தண்ணி. கல்சியம் கொஞ்சம் கூட. குடிக்க ஆர்.ஓ. தண்ணி 300 மீற்றரில் வாங்கலாம்." இதை வாசித்து ஒருவரும் ஓடமாட்டார்கள். ஆர்.ஓ. என்ற வடிகட்டிச் சுத்திகரித்த தண்ணிக்கு இந்தப் பக்கம் எல்லாரும் கான் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

படி 3: கரண்ட், பாதை, கூரை

கரண்ட் மீற்றர் தனியா பொதுவா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மாதம் 60 அலகு வரை பாவிக்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை, 60 ஐத் தாண்டினால் வேறொன்று. சிக்கனமாக 45 அலகு பாவிக்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே மீற்றரில் இருந்தால் 90 ஆகி, இருவருமே கூடின அட்டவணைக்குள் போய்விடுவார்கள். பிறகு யாரின் பிரிட்ஜ் என்ற சண்டை. உப மீற்றர் போட்டாலும் அலகைப் பிரிக்கலாம், அட்டவணையைப் பிரிக்க ஏலாது. கட்டாத பில் இருந்தால் விளம்பரத்துக்கு முன்னமே தீர்த்துவிடுங்கள்.

பாதையை மீற்றரில் சொல்லுங்கள்: "ஏ9 இல் இருந்து 900 மீற்றர், கடைசி 200 மீற்றர் கிரவல். மாரியில் மோட்டர் சைக்கிள் வரும், கார் கஷ்டம்." கூரை ஓடா சீற்றா, சீற் என்றால் கீழே சீலிங் அடித்திருக்கிறதா என்பதும் ஒரு வரி. சித்திரை வெயிலில் சீலிங் இல்லாத சீற் வீட்டில் மத்தியானம் இருக்க ஏலாது என்பது தேடி வருகிறவருக்கும் தெரியும்.

இந்திய வீட்டுத்திட்ட வீடு என்றால் அப்படியே எழுதுங்கள். 550 சதுர அடி என்பதும் உள்ளமைப்பும் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். பின்னால் கூட்டிக் கட்டிய பகுதியை மட்டும் அடிக்கணக்கில் சொன்னால் போதும். காணி அனுமதிப்பத்திரத்தில் இருந்தால் வாடகைக்கு விட முன் பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள். அந்தக் காணிகளைப் பிறருக்குக் கொடுப்பதில் நிபந்தனைகள் உண்டு.

சிக்னலையும் பாருங்கள். முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு "4ஜி உண்டு" என்று எழுதுகிறார்கள். பின் அறையில் கதவைச் சாத்திவிட்டு ஒரு வீடியோ கோல் எடுங்கள், எந்த சிம் எடுத்தது என்று எழுதுங்கள்.

படி 4: படங்கள்

போன் போதும். லென்ஸைச் சாரத் துணியால் துடைத்துவிட்டு, போனைக் கிடையாகப் பிடியுங்கள். அறையின் மூலையில் நின்று நெஞ்சு உயரத்தில் இருந்து எடுங்கள். 0.5 மடங்கில் எடுத்தால் அறை பெரிதாகத் தெரியும், சுவரும் வளையும். நேரில் வந்தவர் 10 அடி அறையைப் பார்த்து ஏமாந்த முகத்தோடு நிற்பார். சாதாரண அளவில் எடுத்து, "10 x 11 அடி" என்று எழுத்தில் போடுவது மேல்.

கிழக்கு வாசல் வீட்டின் முகப்பைக் காலை 8, 9 மணிக்கு எடுங்கள், மேற்கு வாசலைப் பின்னேரம் 4 மணிக்கு. ஜன்னலுக்கு நேரே நின்று எடுத்தால் அறை கறுத்துவிடும், முதுகை ஜன்னலுக்குக் காட்டுங்கள். கொடியில் காயும் உடுப்பு, பிளாஸ்ரிக் கதிரை அடுக்கு, குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். பாத்ரூம் படம் இல்லாத விளம்பரத்தில், பாத்ரூம் சரியில்லை என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். கொமட் மூடியைச் சாத்திவிட்டு ஒன்று எடுங்கள். பிறகு குசினி, கிணற்றடி, தாங்கி. எட்டுப் படம் போதும்.

இடத்தைக் கூகிள் மெப்பில் புள்ளி குத்திப் போடாதீர்கள். "வெறுமையாக உள்ளது" என்றும் எழுதாதீர்கள். ஆள் இல்லாத வீட்டின் கிணற்றடியில் மோட்டர் கழன்று போக ஒரு இரவு போதும். சந்தியின் பெயரும் தூரமும் பொதுவில், புள்ளி பார்க்க வருபவருக்குத் தனியாக.

படி 5: வாடகையும் அட்வான்ஸும்

"வாடகை பேசித் தீர்மானிக்கலாம்" என்பது ஐம்பது பேரை அழைக்க வைக்கும், ஒருவரையும் கொண்டுவராது. எண்ணை எழுதுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் குறைக்க மனம் இருந்தால் அதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

அட்வான்ஸில்தான் பின்னால் மனக்கசப்பு வருகிறது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு இங்கே இரண்டு அர்த்தம். சிலருக்கு அது வீடு விடும்போது முழுசாகத் திருப்பிக் கிடைக்கும் காசு. சிலருக்கு மாதா மாதம் வாடகையில் கழியும் காசு. ஆறு மாத அட்வான்ஸ் என்று எழுதிவிட்டு இருவரும் வேறு வேறாக விளங்கி வைத்திருப்பார்கள். "3 மாத வைப்பு, போகும்போது பில் நிலுவை கழித்துத் திருப்பித் தரப்படும்" அல்லது "6 மாத முற்பணம், பாதி மாதாந்தம் கழியும்" என்று வசனமாக எழுதுங்கள்.

ஒப்பந்தம் உண்டா என்பதும் அதே இடத்தில். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய கடுதாசியில் இருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது பிழை. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க வதிவிட ஆவணம் தேடும் பெற்றோர், ஒப்பந்தம் தரும் வீட்டை விடமாட்டார்கள்.

படி 6: எழுதினால் இப்படி இருக்கும்

எண்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

*கிளிநொச்சி கனகபுரம்: 2 அறை வீடு, தனிக் கிணறு, தனி மீற்றர். மாதம் ரூபா 25,000.*

*ஏ9 இல் இருந்து 1.2 கி.மீ., கடைசி 150 மீற்றர் கிரவல். அறைகள் 10 x 11, 10 x 10 அடி. ஓட்டுக் கூரை. உள்ளே ஒரு பாத்ரூம், வெளியே ஒரு மலசலகூடம். கிணற்றில் ஆவணியில் 7 அடி தண்ணி. 1000 லீற்றர் தாங்கி. கல்சியம் கூட, குடிக்க ஆர்.ஓ. தண்ணி 300 மீற்றரில். கேற்றும் மதிலும் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. 3 மாத வைப்பு, திருப்பித் தரப்படும். ஒரு வருட ஒப்பந்தம். ஜனவரி 1 இல் இருந்து.*

*எத்தனை பேர், எங்கே வேலை, எவ்வளவு காலத்துக்கு என்று வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். பின்னேரம் 5 மணிக்குப் பிறகு அழைக்கிறோம்.*

தலைப்பில் ஊர், அறை, தண்ணி, வாடகை நான்கும் இருக்க வேண்டும். போனில் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரிதான் தெரியும். கடைசி வரி வடிகட்டி. மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதுபவர், தாங்கி நிரம்பி வழிந்தால் மோட்டரை நிற்பாட்டுகிறவராகவும் இருப்பார் என்பது என் கணிப்பு. "லாஸ்ட் பிரைஸ்?" என்று மட்டும் அனுப்புகிறவருக்குப் பதில் போடவேண்டிய அவசியமில்லை.

"அரச உத்தியோகத்தருக்கு மட்டும்" என்று போடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. வங்கிக்காரரும் கண்ணிவெடி அகற்றும் நிறுவன ஊழியரும் அந்த வரியோடு போய்விடுவார்கள். ஆளைப் பற்றி எழுதாமல் வீட்டின் விதியை எழுதுங்கள்: நாலு பேருக்கு மேல் இல்லை, நாய் வளர்க்கலாம், இரவு 10 மணிக்குப் பிறகு பாட்டு வேண்டாம்.

போடும் இடம்: தமிழிலும் பாவிக்கக்கூடிய இக்மன் விளம்பரத் தளம் முதலில், ஏனென்றால் அங்கே தேடி வருகிறார்கள். பேஸ்புக் குழுக்களில் வேகம் உண்டு, ஆனால் அடுத்த நாளே பதிவு அடியில் போய்விடும். வேலைத்தலத்து வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நண்பர் மூலம் அனுப்புவதுதான் என் தெரிவு.

பின்னர் சேர்த்தது

வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் மங்குகிறது என்று கேட்டிருந்தார்கள். அனுப்ப முன் எச்.டி. என்பதை அழுத்துங்கள், அல்லது டொக்கியூமென்ற் ஆக அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் வீடு என்றால், சாவியும் காசும் யார் கையில் என்பதை எழுதுங்கள். "உரிமையாளர் கனடா, பொறுப்பாளர் அடுத்த வீடு, திருத்த வேலை பொறுப்பாளர் செய்து தருவார்." மோட்டர் பழுதானால் ரொறன்ரோவுக்கு அடிக்க வேண்டுமா என்பதே அவர்களின் பயம்.

வீடு போனதும் பதிவை அழிக்காதீர்கள். தலைப்பில் "கொடுத்தாயிற்று" என்று சேர்த்துவிட்டு, அழைப்பு இலக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அதையே திருத்திப் போடலாம், ஆவணித் தண்ணி அளவை மட்டும் புதிதாக எடுத்து.