பழைய பல்ப் இதழ் அட்டைகள்: பகிர்பவர்களும் வாங்குபவர்களும் செய்யும் தவறுகள்

சிவப்பு உடை போட்ட ஒருவன், உடம்பில் பூட்டிய கருவியின் பலத்தில் தரைக்கு மேலே மிதக்கிறான். ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்ற பல்ப் (pulp) இதழின், அதாவது மரக்கூழ்த் தாளில் அச்சிட்ட மலிவுக் கதை இதழின், 1928 ஆகஸ்ட் அட்டைப்படம் இது. அமெரிக்க அறிவியல் புனைகதை என்று பேச்செடுத்தாலே எங்கேயாவது இந்தப் படம் வந்துவிடும். கீழே பெரும்பாலும் ‘பக் ராஜர்ஸ்’ என்ற படக்கதை நாயகனின் பெயர் எழுதியிருக்கும். அது தவறு. படத்தில் இருப்பவர் அந்த இதழில் தொடங்கிய ‘தி ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’ என்ற தொடர்கதையின் நாயகன். எழுதியவர் ஈ. ஈ. ஸ்மித்.

குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. பக் ராஜர்ஸுக்கு மூலமான பிலிப் பிரான்சிஸ் நோலனின் கதையும் அதே இதழில்தான் வந்தது. ஆனால் அந்தக் கதையில் நாயகன் பெயர் ஆன்டனி ராஜர்ஸ். ‘பக்’ என்ற பெயர் 1929 ஜனவரியில் செய்தித்தாள் படக்கதையாக வந்தபோதுதான் ஒட்டிக்கொண்டது. ஒரே இதழ், இரண்டு கதையிலும் பறத்தல், அப்புறம் பிரபலமான பெயர் படத்தையும் இழுத்துக்கொண்டது. அந்தக் கால ‘அமேசிங்’ இதழ்களின் பொருளடக்கப் பக்கத்திலேயே, இந்த மாத அட்டை எந்தக் கதையின் காட்சி என்று ஒரு குறிப்பு போடுவார்கள். அட்டையோடு நின்றுவிடாமல் அடுத்த பக்கத்தையும் பார்த்தால் இந்தப் பிழை வராது.

இதே வகைப் பிழை இன்னொன்று. எச். ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ பற்றி எழுதுகிறவர்கள், மூன்று கால் இயந்திரங்கள் கதிர் பாய்ச்சும் ‘அமேசிங்’ அட்டையை அந்தக் கதையின் ‘முதல் படம்’ என்று போடுகிறார்கள். அது 1927 ஆகஸ்ட் இதழின் அட்டை. வெல்ஸின் கதை 1897-லேயே ‘பியர்சன்ஸ்’ இதழில் தொடராக வந்துவிட்டது. அதற்குப் படம் வரைந்தவர் வார்விக் கோபிள். நடுவில் 30 வருட இடைவெளி. ‘அமேசிங்’ முதல் சில ஆண்டுகள் மறுபதிப்புகளை நம்பித்தான் ஓடியது. 1926 ஏப்ரலில் வந்த முதல் இதழில் ஒரு கதைகூடப் புதிது இல்லை. அதனால் அட்டையின் வருடத்தைக் கதையின் வருடமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

சரி, அட்டை எப்போதும் கதையைப் பார்த்து வரைந்ததுதானா? அதுவும் இல்லை. 1926 டிசம்பர் இதழில் ஆசிரியர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் படத்தை முதலில் போட்டுவிட்டு, இதற்குப் பொருத்தமாகக் கதை எழுதுங்கள் என்று வாசகர்களுக்கு 500 டாலர் போட்டி அறிவித்தார். ஒரு பெரிய கப்பலையே வானத்தில் தூக்கிச் செல்லும் காட்சி அது. மூன்றாம் பரிசு பெற்ற கிளேர் விங்கர் ஹாரிஸ், இந்த இதழ்களில் தன் சொந்தப் பெயரிலேயே எழுதிய முன்னோடிப் பெண்களில் ஒருவர். அவர் கதையைப் படித்துவிட்டு, ‘ஓவியர் எவ்வளவு நுணுக்கமாகக் கதையை உள்வாங்கியிருக்கிறார்’ என்று பாராட்டினால் தலைகீழாகிவிடும்.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு வேறொன்று. பல்ப் அட்டை என்றாலே பிதுங்கிய கண் கொண்ட ராட்சசன், அலறும் பெண், துப்பாக்கியோடு ஓடிவரும் வீரன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் பாணி உண்மையில் 1940களில், ‘த்ரில்லிங் வொண்டர்’, ‘ஸ்டார்ட்லிங்’ போன்ற இதழ்களில் ஏர்ல் பெர்கி வரைந்த அட்டைகளோடு சேர்த்துப் பேச வேண்டியது. தொடக்க காலத்தின் முகம் ஃபிராங்க் ஆர். பால் என்ற ஓவியர். ஆஸ்திரியாவில் 1884-ல் பிறந்தவர், கட்டடக்கலை வரைபடப் பயிற்சி உள்ளவர். ‘அமேசிங்’ முதல் இதழின் அட்டையைப் பாருங்கள்: மஞ்சள் வானத்தில் பிரம்மாண்டமான சனிக்கோள், அடியில் பனிமேட்டில் சிக்கிய கப்பல், பனியில் சறுக்கி விளையாடும் குட்டி குட்டி மனிதர்கள். ராட்சசனும் இல்லை, அபயக்குரலும் இல்லை. பாலின் ஓவியங்களில் மனிதர்கள் விறைப்பாகத்தான் நிற்பார்கள். அது குறைதான். ஆனால் அவர் வரைந்த நகரங்களிலும் இயந்திரங்களிலும் ஒவ்வொரு ஆணியும் அதனதன் இடத்தில் இருக்கும். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு அவரைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். ஓர் ஓவியருக்கு அந்த மரியாதை கிடைத்ததை, எல்லா அட்டையையும் ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள் தவறவிடுகிறார்கள்.

ஓவியர்கள் எல்லோரும் ஆண்கள் என்று எழுதுவதும் பிழை. ‘வியர்ட் டேல்ஸ்’ இதழின் 1930களின் புகழ்பெற்ற அட்டைகள் பலவற்றை வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ். பாஸ்டல் வண்ணக்கட்டியால் வரைந்ததால்தான் அந்த மென்மை. ‘எம். பிரண்டேஜ்’ என்று மட்டும் இதழில் பார்த்த வாசகர்கள் பலருக்கு அவர் பெண் என்றே ரொம்ப நாள் தெரியாது.

அசல் இதழ் வாங்குகிறவர்களுக்கு: உள்தாள் மரக்கூழில் செய்த மலிவுத் தாள், நம்மூரில் சாணித்தாள் என்போமே, அந்த ரகம். அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றிலும் வெளிச்சத்திலும் பழுப்பாகி, தாள் அப்பளமாய் நொறுங்கும். அட்டை மட்டும் நல்ல தாளில் தனியாக அச்சிட்டது. அதனால் அட்டை பளபளப்பாக இருப்பதை வைத்து உள்ளேயும் நன்றாக இருக்கும் என்று பணம் கட்டிவிடாதீர்கள். உள்பக்கங்களின் படம் கேளுங்கள். முதுகு கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். லேமினேஷன் இன்னும் மோசம், பிறகு எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது. அமிலமற்ற அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெயில் படாமல் வைத்தால் போதும்.

கடைசியாக, இப்போது கணினி உருவாக்கிய ‘பழைய’ அட்டைகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. மூன்றைப் பாருங்கள். தலைப்புப் பகுதியில் மாதமும் விலையும் வாசிக்கும்படி இருக்கிறதா? முதல் ‘அமேசிங்’ 25 சென்ட், 1930 ஜனவரியில் வந்த முதல் ‘அஸ்டவுண்டிங்’ 20 சென்ட். ஓவியர் கையெழுத்து இருக்கிறதா? ஃபிராங்க் பால் பெரும்பாலும் தன் பெயரை மூலையில் தெளிவாக எழுதுவார். இணைய ஊகப் புனைகதைத் தரவுத்தளத்தில் (ISFDB) அந்த மாத இதழைத் தேடினால் அதே படம் வருகிறதா? இது பொருந்தவில்லை என்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் கீழே வருடமோ ஓவியர் பெயரோ எழுதாதீர்கள்.