மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளையா? சமையலறைத் தராசில் ஒரு சோதனை

இரண்டு நிறப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கையில் எடுங்கள். "செல்லாது" என்று கடைக்காரர்கள் திருப்பித் தந்தார்களே, அதேதான். அதன் வெளிவளையம் பித்தளை இல்லை. செம்பு 92, அலுமினியம் 6, நிக்கல் 2 சதவீதம் கலந்த அலுமினிய வெண்கலம்.

வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும் என்று படித்திருப்போம். இதில் வெள்ளீயத்தைத் தேடாதீர்கள், பெயர்தான் ஒட்டிக்கொண்டது. கப்பல் புரொப்பெல்லர் வார்க்கும் ரகத்தில் அலுமினியம் 9, நிக்கல் 4.5, இரும்பு 4 சதவீதம் அளவில் இருக்கும், கொஞ்சம் மாங்கனீசும் உண்டு. மீதி செம்பு.

அலுமினிய வெண்கலம் ஏன் எளிதில் அரிபடுவதில்லை? அலுமினியம் காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே மெல்லிய படலமாகப் படிகிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானாகவே மூடிக்கொள்ளும். பித்தளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கரைந்து வெளியேறி, சல்லடையாய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். எங்கள் வீட்டு போர்வெல் வால்வைத் திருகியபோது தண்டு பிஸ்கட் போல ஒடிந்தது. ஒடிந்த இடம் இளஞ்சிவப்பு. அன்றிலிருந்து, வாங்கும் பொருள் எதுவென்று பார்த்துத்தான் வாங்குகிறேன்.

சரி, கையில் இருப்பது பித்தளையா, அலுமினிய வெண்கலமா என்று கண்டுபிடிக்கும் சோதனைக்கு வருவோம்.

படி 1: காந்தம் வையுங்கள். பச்சென்று ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு, அதோடு விட்டுவிடலாம். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. அலுமினிய வெண்கலத்தில் இரும்பு இருப்பதால் வலுவான காந்தம் லேசாக இழுக்கலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

படி 2: கண்ணில் படாத மூலையில் அரத்தால் ஒரு இழுப்பு. பித்தளை எலுமிச்சை மஞ்சளாகவும், கன்மெட்டல் (செம்பு, வெள்ளீயம், கொஞ்சம் துத்தநாகம் சேர்ந்த வெண்கலம்) சிவப்புச் சாயலாகவும், அலுமினிய வெண்கலம் தங்க நிறமாகவும் தெரியும். நிறத்தை மட்டும் நம்பி நான் ஏமாந்ததுண்டு.

படி 3: இதுதான் முக்கியம். பொருளை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

உதாரணமாக 458 கிராம், தண்ணீரில் 60. வகுத்தால் 7.63. அது புரொப்பெல்லர் ரகம். பித்தளை 8.4–8.5, கன்மெட்டல் 8.7–8.8 என்று வரும். அலுமினியத்தின் அடர்த்தி வெறும் 2.7 என்பதால் மொத்தத்தையும் கீழே இழுக்கிறது. அலுமினியம் 5 சதவீதம் போலக் குறைந்த ரகங்கள் 8.2 வரை போகும். இரும்பு 7.8 பக்கம் வருவதால்தான் காந்தத்தை முதலில் வைத்தோம்.

துண்டு 300 கிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே ஒரு கிராம் பிசகே கணக்கைக் கெடுத்துவிடும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டிவிடுங்கள். உள்ளே ஓட்டை விழுந்த வார்ப்பாக இருந்தால் அடர்த்தி குறைத்தே காட்டும்.

அப்புறம், அலுமினிய வெண்கலத்தை எங்கே பயன்படுத்தலாம்? கடல்நீர் பம்பு, வால்வு, படகுப் புரொப்பெல்லர், எண்ணெய்க் கிடங்குகளில் தீப்பொறி எழாமல் வேலை செய்யும் ஸ்பானர், சுத்தியல். புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் குழல்) போடவும் நல்லதுதான், ஆனால் ஷாஃப்ட், அதாவது அந்தத் தண்டு, கடினப்படுத்தியதாகவும் கிரீஸ் தவறாமல் போவதாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கன்மெட்டலே மேல், அது கொஞ்சம் பொறுத்துப்போகும். சாக்கடை கலந்து கந்தக நாற்றம் வீசும் நீரில் அலுமினிய வெண்கலத்தையும் நம்ப முடியாது.

மாட்டும்போது சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். உப்புநீரில் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி ஆகி, வெண்கலம் அப்படியே இருக்க, போல்ட் கரைந்து கழன்றுவிடும்.