லயத்தில் செங்கமாரி: பரவலைப் பிந்திக் கண்டுபிடிக்க வைக்கும் தவறுகள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரே ஊற்றிலிருந்து குழாய் போட்டு நாலைந்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் போகும். ஊற்றுக்கு மேலே மலக்குழி கசிந்தால் அத்தனை வீடும் ஒரே கிருமியைக் குடிக்கும். 2007இல் கண்டி மாவட்டத்துக் கம்பளையில் செங்கமாரி (மஞ்சள் காமாலை) பெருமளவில் பரவியது. இப்படிப்பட்ட பரவலை முதல் சில நோயாளிகளிலேயே பிடித்துவிடலாம். பிடிக்கவிடாமல் செய்பவை சில சாதாரணத் தவறுகள்.

மிகக் கேடானது, நோய் தொடங்கிய திகதியை விட்டுவிட்டு வார்டில் சேர்த்த திகதியை எழுதுவது. அரைப்பேரையும் (அரைநாள் சம்பளத்தையும்) இழக்க மனமில்லாமல் காய்ச்சலோடு கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் ஒரு வாரம் கழித்தே வைத்தியசாலைக்கு வருவார்கள். இப்படித் தண்ணீரில் பரவிச் செங்கமாரியைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உள்ளே போய் நோய் வெளித்தெரிய 15 முதல் 50 நாள் ஆகும், சராசரி 28. முதல் ஆளுக்கு ஜூன் 20, கடைசி ஆளுக்கு ஜூலை 10 நோய் தொடங்கியது என்று வைப்போம். முதல் ஆளிலிருந்து 15 நாள் பின்னே போனால் ஜூன் 5. கடைசி ஆளிலிருந்து 50 நாள் பின்னே போனால் மே 21. எல்லோருக்கும் ஒரே தடவையில் தொற்றியிருந்தால் அது இந்த இரு திகதிகளுக்கு நடுவேதான். அந்த நாட்களில் எந்தக் குழாய் உடைந்தது, எங்கே மலக்குழி நிரம்பியது, எந்தக் கோயிலில் அன்னதானம் நடந்தது என்று கேளுங்கள். வார்டுத் திகதியை வைத்துக் கணக்குப் போட்டால் வேறு வாரத்தைத் துருவிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது முகவரி. “ஹட்டன்” என்று ஊர்ப் பெயரை மட்டும் எழுதிய, நோயாளியைப் பற்றிய அறிவித்தல் படிவத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் பயனில்லை. தோட்டம், டிவிஷன், லய எண், வீட்டு எண், எந்தப் பீலித் (பொதுக் குழாய்த்) தண்ணீர் என்பது வரை வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து எழுதினால் கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு ஊர் திரும்பியவரும் தோட்டக் கணக்கில் விழுவார். நோய் தொடங்குவதற்கு முந்திய 50 நாளும் எங்கே படுத்து எழும்பினார் என்று கேட்டாக வேண்டும்.

ஆய்வுகூட முடிவு வரட்டும் என்று படிவத்தை மேசையில் வைத்திருப்பதும் தவறு. செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல் (டைபாய்டு), வயிற்றுளைவு (சீதபேதி), எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாமே சந்தேகம் வந்தவுடன் அறிவிக்க வேண்டியவை. சுகாதாரம் 544 என்ற அறிவித்தல் படிவம் இருப்பதே அதற்குத்தான். எலிக்காய்ச்சலில் முதல் சில நாட்கள் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் தென்படாமலிருக்கலாம், ஆகவே அப்போது “இல்லை” என்று வரும் முடிவை நம்பி விட்டுவிடக் கூடாது.

செங்கமாரி என்றால் மஞ்சள் கண்ணை மட்டும் தேடுகிறார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. ஆனால் அவர்களின் மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும். பெரியவர்களிலும் கண் மஞ்சளாகும் முன் இரண்டு வாரத்தில்தான் கிருமி அதிகம் வெளியேறுகிறது. ஆகவே பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) சாப்பாடு வேண்டாம் என்கிற, வாந்தி எடுக்கிற பிள்ளைகளின் பெயரையும் தினமும் குறிக்க வேண்டும். செக்ரோலில் (தோட்ட வருகைப் பதிவேட்டில்) வேலைக்கு வராதவர்களையும் லய வாரியாகப் பாருங்கள். ஆனால் டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். கீழாநெல்லி கொடுக்கும் நாட்டு வைத்தியரிடமும் விசாரியுங்கள், பலர் முதலில் போவது அவரிடம்தான். ஒரே லயத்தில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு பேருக்குச் செங்கமாரி வந்தாலே விசாரிக்கப் போதும். மூன்றாமவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர் மாதிரி எடுப்பதிலும் பிழை நடக்கிறது. செய்தி கேட்டவுடன் தொட்டியில் குளோரின் போட்டுவிட்டு, பிறகு போத்தலில் பிடிக்கிறார்கள். முதலில் மாதிரி, அதன் பின் குளோரின். ஏற்கெனவே குளோரின் போடும் தொட்டியென்றால் ஆய்வுகூடம் தரும், சோடியம் தயோசல்பேற்று இட்ட போத்தலே வேண்டும். இல்லாவிட்டால் போத்தலுக்குள்ளும் குளோரின் கிருமியைக் கொன்று பொய்யாக நல்ல முடிவு வரும். போத்தலை ஐஸில் வைத்து அன்றைக்கே அனுப்புங்கள். முடிவு சுத்தமாக வந்தாலும் ஊற்றைக் கைவிடாதீர்கள். தொற்றியது ஒரு மாதத்துக்கு முந்திய தண்ணீரில், பரிசோதிப்பதோ இன்றைய தண்ணீரை. அதோடு, பக்டீரியா இல்லை என்பதால் வைரசும் இல்லை என்றாகாது.

குளோரின் அளவைத் தொட்டியடியில் பார்ப்பதும் போதாது. மழைக்காலக் கலங்கல் தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும். குழாயின் கடைசி வீட்டுப் பீலியில் ஒரு லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அந்த வீட்டிலிருந்து விசாரணையைத் தொடங்குங்கள்.