ஒருவருக்கு ஆசை, ஒருவருக்கு அசதி

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை தோளில் படுகிறது. தோள் இறுகுகிறது. கை வைத்தவருக்கு அது உடனே புரிந்துவிடும், எடுத்துவிடுவார். இருவரும் வாய் திறப்பதில்லை. ஒருவர் மனதில், “தொடக்கூட உரிமை இல்லையா?” இன்னொருவர் மனதில், “ராத்திரி மறுபடியும் வேண்டாம்னு சொல்லணுமே.”

தம்பதிக்குள் ஆசை ஒத்துப்போகாதபோது முதலில் உடைவது இந்த இடம்தான். வாரத்துக்கு எத்தனை முறை என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு வருவது. ஒவ்வொரு தொடுதலும் ஒரு கேள்வியாகிவிட்டது. பதில் ‘வேண்டாம்’ என்றால் அன்று இரவு மனத்தாங்கல். அதனால் ஆசை குறைந்தவர் முத்தத்தைத் தவிர்க்கிறார், பக்கத்தில் உட்காருவதைத் தவிர்க்கிறார், படுக்கைக்குத் தாமதமாக வருகிறார். ஆசை உள்ளவர் அதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொண்டு இன்னும் நெருக்குகிறார், அல்லது ஒரேயடியாக ஒதுங்கிவிடுகிறார். நெருக்க நெருக்க மற்றவர் விலகுவார். விலக விலக இவர் நெருக்குவார். எனவே தொடுதலையும் எதிர்பார்ப்பையும் முதலில் பிரிக்க வேண்டும். இங்கே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

ஆசை கூடியவர் கணவர், குறைந்தவர் மனைவி என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். மாறியும் இருக்கும். அப்படி இருக்கும்போது இருவருக்குமே வெளியில் சொல்ல வெட்கம் என்பதால், அந்த வேதனை நீண்ட நாள் உள்ளேயே கிடக்கும்.

முதலில் உடம்பு

மனத்தை ஆராயும் முன் உடம்பை விசாரியுங்கள். முதல் கேள்வி: வலிக்கிறதா? வலிக்கிற ஒன்றின்மேல் யாருக்கும் ஆசை வராது. பல ஆண்டுகள் வலியை மறைத்து ஒத்துழைத்துவிட்டு, “எனக்கு ஆசையே இல்லை” என்று தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளும் பெண்கள் நிறையப் பேர். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகும். இது தானாகச் சரியாகாது. உள்ளே பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமை மருத்துவர் எழுதித் தரலாம். முழுப் பலன் தெரிய சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் இதே வறட்சி வரும். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறி, ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கும் காலம் அது. கூடவே தூக்கமின்மை, நாள் முழுக்கக் குழந்தை மேலேயே கிடப்பதால் வரும் ‘என்னை யாரும் தொடாமல் இருந்தால் போதும்’ என்ற உணர்வு. அன்பு குறைந்துவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

வறட்சிக்கு வழவழப்பு ஜெல் எளிய உதவி. நீர் சார்ந்த ஜெல் சீக்கிரம் காயும், நடுவில் மறுபடி பூச வேண்டியிருக்கும். சிலிக்கான் ஜெல் நீண்ட நேரம் நிற்கும். எண்ணெய் வகைகள் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழியவைக்கும், இரண்டையும் சேர்க்காதீர்கள். ஜெல் போட்டும் நுழையும்போதே தசை பூட்டிக்கொள்கிறது என்றால் அது வேறு விஷயம். இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபியும், சிறிய அளவிலிருந்து படிப்படியாகப் பழக்கும், உள்ளே வைக்கும் வழவழப்பான குச்சி போன்ற டைலேட்டரும் அதற்கு நல்ல பலன் தருகின்றன. ‘பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்’ என்ற அறிவுரை அதை மோசமாக்கும்: வலியை எதிர்பார்க்கும் தசை அடுத்த முறை இன்னும் முன்னதாகவே இறுகும்.

ஆண்களிடம் ‘ஆசை இல்லை’ என்பதன் பின்னால் பல நேரம் விறைப்பு பற்றிய பயம் ஒளிந்திருக்கும். ஒருமுறை தவறினால் மறுமுறை தவறுமோ என்ற பயம். பயத்தில் தொடங்காமலே இருப்பது. காலையில் எழும்போது விறைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். அது வந்து, துணையோடு மட்டும் வரவில்லை என்றால் பதற்றத்தின் பங்கு அதிகம். எல்லா நேரத்திலும் மெல்ல மெல்லக் குறைந்துவந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை. அடைப்பு அங்கே முதலில் தெரியும். நடு வயதில் வரும் விறைப்புக் குறைபாட்டை இதயத்தின் முன்னெச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வயாக்ரா என்று பலரும் அறிந்த சில்டெனாஃபில் விறைப்புக்கு உதவும், ஆசையை உண்டாக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்குப் பரிசோதனை என்றால் காலை 10 மணிக்கு முன், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். இரண்டு முறையும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைவு என்று வழக்கமாகச் சொல்வார்கள். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு அவசரப்படக் கூடாது, விந்தணு உற்பத்தியை அது அடக்கிவிடும். தைராய்டு, புரோலாக்டின், ரத்தசோகை ஆகியவற்றையும் கூடவே பாருங்கள்.

பிறகு மருந்துப் பெட்டி. மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், பராக்செடின், எஸிடலோப்ராம், ஃப்ளூவாக்செடின் ஆகியவை ஆசையைக் குறைக்கலாம், உச்சத்தைத் தள்ளிப்போடலாம். முடி உதிர்வுக்கும் புராஸ்டேட்டுக்கும் தரும் ஃபினாஸ்டரைடு, நீண்ட நாள் எடுக்கும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள் ஆகியவற்றுக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். “இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு ஆசை குறைந்தது” என்று தேதியோடு சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ ப்யூப்ரோபியான் போன்ற வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவருக்கு வழி இருக்கிறது.

பசி எடுத்துச் சாப்பிடுவது, உட்கார்ந்த பின் பசிப்பது

கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-இல் முன்வைத்த ஒரு விளக்கம் பல தம்பதிகளின் குழப்பத்தைத் தீர்த்திருக்கிறது. சிலருக்கு ஆசை தானாகக் கிளம்பும். சிலருக்கு, குறிப்பாக நீண்ட நாள் சேர்ந்து வாழ்பவர்களுக்கு, நெருக்கம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆசை எழும். முன்னவர் பசி எடுத்த பிறகு சாப்பிட உட்காருபவர். பின்னவர் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு பசியை உணர்பவர். இரண்டும் ஆரோக்கியமே. பின்னவரிடம் மாலையிலேயே “ஆசையா இருக்கா?” என்று கேட்டால் “இல்லை” என்பார், பொய்யில்லை, இன்னும் தொடங்கவே இல்லை.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘ஆரம்பித்தால் தானாக வந்துவிடும்’ என்று வற்புறுத்த இது உரிமைச் சீட்டு ஆகாது. தொடங்கிய பின்னும் வராமல் போகலாம், அப்போது நிறுத்தலாம் என்ற உறுதி இருந்தால்தான் அவரால் தொடங்கவே முடியும்.

பாலியல் ஆய்வாளர்கள் ஜான் பேங்க்ராஃப்டும் எரிக் ஜான்சென்னும் சொன்ன இன்னொரு விளக்கம்: ஆசைக்கு ஆக்சிலேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. பெரும்பாலோர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார்கள்: புது உடை, பரிசு, வெளியூர்ப் பயணம். பிரேக்கில் கால் அழுந்தியிருக்கும்போது அதனால் என்ன பயன்? ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதுங்கள்: எதெல்லாம் என்னை நிறுத்துகிறது? பூட்டாத கதவு, பக்கத்து அறையில் விழித்திருக்கும் ஆட்கள், தீராத சண்டை, கர்ப்பமாகிவிடுமோ என்ற பயம், தன் உடம்பைப் பற்றிய கூச்சம், வாய் நாற்றம், மது, வீட்டு வேலை முழுதும் ஒருவர் தலையில் கிடப்பது. பத்து வரியாவது வரும். சுலபமான இரண்டை இந்த வாரமே சரிசெய்யுங்கள். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டு எத்தனையோ மாதப் பிரச்சினை பாதியாகக் குறைந்த வீடுகள் உண்டு.

பேச்சு எப்போது, எப்படி

படுக்கையில் பேசாதீர்கள். மறுப்பு வந்த அடுத்த ஐந்து நிமிடத்திலும் வேண்டாம். பகலில், உடை உடுத்திய நிலையில், இருபது நிமிடம் என்று முடிவு வைத்து, நடந்துகொண்டே பேசுவது நல்லது. முகத்துக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் கூச்சமான விஷயங்கள் வெளிவரும்.

“நீ எப்பவுமே இப்படித்தான்” என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. “நீ திரும்பிப் படுக்கும்போது எனக்குத் தனியா இருக்கற மாதிரி இருக்கு. உடம்புக்காக மட்டும் கேக்கல, உன் பக்கத்துல இருக்கணும்” என்று சொல்லிப் பாருங்கள். மற்றவர் தரப்பில்: “உன்மேல பாசம் குறையல. நீ தொட்டா அடுத்து என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு, அதான் விலகறேன்.” இந்த இரண்டு வாக்கியமும் ஒரே நாளில் வெளிவந்தால் அது பெரிய நாள். அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

ஆறு வாரத் தொடுதல் பயிற்சி

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் உருவாக்கி 1970-இல் வெளியிட்ட சிகிச்சை முறையின் மையம் இது. இன்றும் ஆலோசகர்கள் பயன்படுத்துகிறார்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஆளுக்குப் பதினைந்து நிமிடம். இன்று ஒருவர் அழைத்தால் அடுத்த முறை மற்றவர் அழைக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் உடலுறவு கிடையாது. மார்பும் பிறப்புறுப்பும் தொடக்கூடாது. தலை, முதுகு, கை, கால் மட்டும். ஆடை எவ்வளவு என்பதைக் கூச்சம் அதிகம் உள்ளவர் முடிவு செய்யட்டும். தொடுபவர் தன் விரலில் என்ன தெரிகிறது என்று கவனிக்க வேண்டும்: வெப்பமா குளிர்ச்சியா, மென்மையா சொரசொரப்பா, அழுத்தினால் எப்படி. மற்றவரை மகிழ்விப்பது இந்தக் கட்டத்தின் வேலை அல்ல. படுத்திருப்பவருக்கு ஒரே கடமை: பிடிக்காவிட்டால் சொல்வது, அல்லது தன் கையை அவர் கைமேல் வைத்து வேறு இடத்துக்கு நகர்த்துவது.

மூன்றாம், நான்காம் வாரம் முழு உடலும் சேரும். ஆனால் உச்சத்தை நோக்கிப் போகக் கூடாது. கிளர்ச்சி வந்தால் வரட்டும், தணிந்தால் தணியட்டும். ஐந்தாம் வாரம் இருவரும் ஒரே நேரத்தில் தொடலாம். ஆறாம் வாரம், இருவருக்கும் விருப்பம் இருந்தால் மட்டும், அசைவில்லாமல் சேர்ந்திருப்பதில் தொடங்கி மெல்லப் போகலாம். எந்தக் கட்டத்தில் பதற்றம் வந்தாலும் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். ஆறு வாரம் பத்து வாரமானால் குறையில்லை.

எங்கே கெடும் என்றால், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில். “ரெண்டு பேருக்கும்தான் ஆசை வந்துடுச்சே, அப்புறம் என்ன” என்று தடையை மீறுவார்கள். அன்று இனிமையாகவே இருக்கும். ஆனால் ஆசை குறைந்தவரின் உடம்பு ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: தடை என்று சொன்னாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். அடுத்த முறை தோள் மறுபடி இறுகும். இந்த ஒரு விதியை மட்டும் எவ்வளவு கண்டிப்பாகக் காத்தாலும் தகும். “பிடிச்சிருக்கா, பிடிச்சிருக்கா” என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் கெடுக்கும், அது பரீட்சை ஆகிவிடும். முதல் இரண்டு முறை சிரிப்பு வரும், சலிப்பும் வரும், பரவாயில்லை. மூன்று முறை தொடர்ந்து ‘நேரமில்லை’ என்று தள்ளிப்போனால், யாருக்கு என்ன பயம் என்று நடந்துகொண்டே பேசும் அந்தப் பேச்சுக்குத் திரும்புங்கள்.

எண்ணிக்கை கூடும் முன்பே முன்னேற்றம் தெரியும். சோபாவில் அவராகவே வந்து சாய்ந்து உட்காருவார்.

வேண்டாம் என்று சொல்வதும், கேட்டுக்கொள்வதும்

மறுப்பவர் எதை மறுக்கிறார், எதை மறுக்கவில்லை என்று பிரித்துச் சொல்லலாம். “இன்னைக்கு முடியல, அசதி. ஆனா இப்படியே கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்கலாம். ஞாயித்துக்கிழமை காலைல நான் வரேன்.” நாள் சொன்னால் அன்று அவரே வர வேண்டும், முடியாவிட்டால் அவரே சொல்ல வேண்டும். கேட்பவர் மறுப்பைக் கேட்டதும் முகத்தைத் திருப்பாமல், “சரி, வா” என்று அணைத்துக்கொண்டால் அடுத்த சம்மதத்துக்கு வழி திறக்கிறது. மீதி ஆசையைத் தனியாகத் தீர்த்துக்கொள்வதில் தவறில்லை. அதை மற்றவருக்கு எதிரான குறையாக்காமல் இருந்தால் போதும்.

கடமைக்காக ஒத்துக்கொள்வது தீர்வு போலத் தெரியும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு அதை வெறுக்கப் பழகிவிடும். மிரட்டி, பணத்தை நிறுத்தி, கையைப் பிடித்து இழுத்துப் பெறுவதோ வன்முறை. அங்கே இந்தப் பயிற்சி எதையும் செய்யக் கூடாது, பாதுகாப்பும் உதவியும்தான் முதலில்.

எத்தனை முறை இயல்பு என்ற கேள்விக்கு மருத்துவத்தில் எண் கிடையாது. உளவியல் ஆய்வாளர் ஏமி மியூஸ் குழுவின் 2015 ஆய்வில், வாரம் ஒருமுறை வரை மகிழ்ச்சி கூடியது. அதற்கு மேல் எண்ணிக்கை கூடினாலும் மகிழ்ச்சி கூடவில்லை. அது சராசரி, உங்கள் வீட்டுக்கு இலக்கு அல்ல. தினமும் வேண்டும் என்று ஏங்கும் ஒருவருக்கு ஆறுதலாகலாம் என்பதால் சொல்கிறோம். நாள் குறித்துக்கொள்வது செயற்கை என்று தோன்றினால், நேரத்தை மட்டும் குறியுங்கள்: சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கதவு பூட்டப்படும், போன் வெளியே இருக்கும். உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று குறிக்காதீர்கள்.

மூன்று மாதம் முயன்றும் அசையவில்லை என்றால் பாலியல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ போகலாம். வலி, பழைய வன்கொடுமையின் நினைவு, தொடரும் மனச்சோர்வு இருந்தால் முதல் நாளிலிருந்தே போகலாம். விளம்பரப் பொடிகளையும் லேகியங்களையும் நம்பிப் போகாதீர்கள். சிலவற்றில் சில்டெனாஃபில் அளவு தெரியாமல் கலந்திருக்கிறது. மருத்துவரிடம் வாய் வராவிட்டால் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: எப்போதிலிருந்து, வலி உண்டா, என்னென்ன மருந்து, தனியாக இருக்கும்போது ஆசை வருகிறதா இல்லையா. முடிந்தால் இருவரும் சேர்ந்து போங்கள். அதில் ஐந்து நிமிடமாவது ஒவ்வொருவரும் தனியாகப் பேசக் கேளுங்கள்.