போனஸ் கைக்கு வருமுன் இராஜினாமா கடிதத்தை நீட்டாதீர்கள்

ஹட்டன், நுவரெலியா பக்கம் கடை, வங்கி, ஹோட்டல் என்று வேலை பார்த்துக்கொண்டே கொழும்பில் வேறு வேலை தேடிக்கொண்டவர்களுக்கு இது. டிசம்பரிலோ சித்திரைப் புத்தாண்டுக்கோ போனஸ் தருகிற இடமென்றால், முதலில் நியமனக் கடிதத்தையும் போனஸ் பற்றிய அறிவித்தலையும் நிதானமாக வாசியுங்கள். பணம் தரும் நாளில் சேவையில் இருந்தால் போதுமா, இல்லை விலகுவதாகக் கடிதம் கொடுத்தவர்களுக்குக் கிடையாது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த வரி இருந்தால் காசு கணக்கில் விழுந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும், முகாமையாளர் எவ்வளவு தங்கமான மனிதராக இருந்தாலும் சரி.

பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது சேவைக் காலத்துக்காகத் தரும் தொகை, அது வேறு விஷயம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவர், தானாகவே விலகினாலும், மாதச் சம்பளக்காரர் என்றால் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும், அதையும் 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். நாலே முக்கால் வருடத்தில் நிற்கிறவர் போனஸ் வந்துவிட்டதே என்று கிளம்பினால் இது மொத்தமாகப் போய்விடும். புதிய இடத்தில் சேரும் திகதியைக் கொஞ்சம் தள்ளிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அப்புறம், தீபாவளி முற்பணம் போனஸ் இல்லை, கடன். பாக்கி இருந்தால் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.