டிராம்போனைக் காதால் பிடிப்பது எப்படி: கிட் ஓரியோடு பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்

பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸை முதல் தடவை போட்டுக் கேட்டால் சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும். டிரம்பெட் ஒரு பக்கம், கிளாரினெட் ஒரு பக்கம், அடியில் யாரோ சாக்குமூட்டையைத் தரையில் இழுப்பது மாதிரி ஒரு சத்தம். அந்தச் சாக்குமூட்டைதான் டிராம்போன், குழாயை இழுத்து நீட்டி வாசிக்கும் பித்தளை ஊது வாத்தியம். அது சும்மா வேடிக்கைக்காகப் போடுகிற ஒலி என்றே ஒரு வருடத்துக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி, ஒரு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தபிறகுதான் விஷயம் பிடிபட்டது. அதை அப்படியே எழுதிவைக்கிறேன். இசை படித்திருக்க வேண்டியதில்லை. நான்கு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

படி 1: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே ஆளைப் பிடித்துக்கொள்வது நல்லது. என் தேர்வு எட்வர்ட் ‘கிட்’ ஓரி. 1886 கிறிஸ்துமஸ் அன்று லூசியானாவில் லாப்ளேஸ் ஊருக்கு அருகே ஒரு கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸில் அவர் நடத்திய குழுவில் கிங் ஆலிவர் வாசித்தார், பிறகு இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்தார். 1919இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1922இல் அங்கே இசைத்தட்டு பதிவு செய்தார். 1925இல் சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவில் சேர்ந்தார். முப்பதுகளில் வாத்தியத்தை மூட்டைகட்டிவிட்டுக் கோழிப்பண்ணை வைத்திருந்தார். 1944இல் திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் வானொலி நிகழ்ச்சி அவரைத் திரும்ப மேடைக்கு இழுத்துவந்தது. 1973இல் ஹவாயில் காலமானார். இவ்வளவு போதும், காதுக்கு வருவோம்.

படி 2: கருவிகள்

கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் டிராம்போனின் கீழ்ப்பாதி வராது, மேலே இருக்கும் கரகரப்பு மட்டும்தான் வரும். விலை குறைந்த கம்பி இயர்போனே இதற்கு மேல். ஆனால் பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய ஓர் இயர்போன் எந்தப் பாட்டைப் போட்டாலும் ‘தும்தும்’ என்று ஊதிப் பெருக்கியது. இந்தப் பழைய தட்டுகளில் 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பது பெரும்பாலும் உறுமல்தான். டிராம்போன் குடியிருப்பது ஏறக்குறைய 80 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை. ஈக்வலைசர் இருந்தால் 250, 500 இரண்டையும் லேசாக ஏற்றுங்கள், மற்றதைத் தொடவேண்டாம்.

கணினியில் நான் விஎல்சி தவிர வேறெதையும் பயன்படுத்துவதில்லை. இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி விசையைத் தட்டினால் வேகம் குறையும், சுருதி இறங்காது. முக்கால் வேகம் சரி. அதற்குக் கீழே போனால் எல்லா வாத்தியமும் தண்ணீருக்குள் வாசிப்பது போல ஆகிவிடும்.

இன்னொன்று: இரைச்சலைச் சுத்தமாகத் துடைத்துவிட்ட பதிப்புகள் எனக்குப் பிடிக்காது. கீறல் சத்தத்தோடு கிளாரினெட்டின் கூர்மையும் போய்விடுகிறது. கொஞ்சம் பொரியட்டும், பரவாயில்லை.

படி 3: பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்

எல்லாரும் 1920களில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் 1944இல் ஆரம்பிக்கச் சொல்வேன். அந்த ஆகஸ்டில் கிரெசண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஓரி பதிவு செய்த ‘கெட் அவுட் ஆஃப் ஹியர்’, ‘க்ரியோல் சாங்’ இரண்டையும் கேளுங்கள். பதிவு தெளிவு. டிரம்பெட் வாசிக்கும் மட் கேரி கத்தி வாசிக்கிற ஆள் இல்லை, மற்றவர்களுக்கு இடம் விடுவார். டிராம்போனின் குரல் எது என்று காது இங்கேதான் சுலபமாகப் பழகும். இரண்டு மூன்று நாள் இதையே போட்டுக்கொண்டிருங்கள்.

படி 4: தாளும் பென்சிலும்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நமக்குக் கச்சேரி கேட்டுப் பழகிய காது. பாடகர் ஒரு சங்கதி போட்டால் வயலின் நிழல் மாதிரிப் பின்னாலேயே வரும். அதே நினைப்பில் டிரம்பெட்டைப் பாடகராக வைத்துக்கொண்டு, அதன் கூடவே டிராம்போன் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. இங்கே யாரும் யாருக்கும் நிழல் இல்லை. டிரம்பெட் மெட்டைச் சொல்லும். கிளாரினெட் அதற்கு மேலே கொடி மாதிரிப் பின்னிக்கொண்டு ஓடும். டிராம்போன் கீழே கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தின்) அடித்தளத்தைத் தாங்கிக்கொண்டு, மெட்டு மூச்சு வாங்கும் இடத்தில் புகுந்து அடுத்த கார்டுக்கு வழிகாட்டும். மூவரும் ஒரே நேரத்தில், அவரவர் வழியில்.

ஆகவே டிராம்போனைத் தேடவேண்டியது டிரம்பெட் இருக்கும் இடத்தில் இல்லை, டிரம்பெட் விட்ட இடத்தில்.

இப்போது 1925 நவம்பர் 12 அன்று ஹாட் ஃபைவ் பதிவு செய்த ‘கட் பக்கெட் ப்ளூஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே பேர்: ஆம்ஸ்ட்ராங் கார்னெட் (டிரம்பெட்டின் குட்டைத் தம்பி, அதன் வேலையைத்தான் இங்கே செய்யும்), ஜானி டாட்ஸ் கிளாரினெட், ஓரி டிராம்போன், லில் ஹார்டின் பியானோ, ஜானி செயின்ட் சிர் பாஞ்சோ (கிடார் மாதிரித் தந்தி வாத்தியம்). டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. போதாக்குறைக்கு ஆம்ஸ்ட்ராங்கே நடுநடுவே பேசி ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆரம்பநிலைக்காரருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தாளில் வரிசைக்கு நான்காக மூன்று வரிசை கட்டம் போடுங்கள், மொத்தம் 12. நான்கு எண்ணிக்கை ஒரு கட்டம், அதாவது ஒரு பார். ப்ளூஸ் என்ற பாட்டு வடிவம் 12 பாரில் ஒரு சுற்று முடிந்து திரும்ப வரும். பாஞ்சோவின் முதல் தட்டிலிருந்தே எண்ணத் தொடங்கி நான் ஒரு வாரம் வீணாக்கினேன். அது முன்னுரை. மூன்று ஊது வாத்தியமும் சேர்ந்து வந்தபிறகு முதல் அழுத்தமான தட்டு எங்கே விழுகிறதோ அங்கே ‘ஒன்று’ வையுங்கள்.

டிராம்போன் வழுக்கினால் சாய்கோடு. ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தால் படுக்கைக்கோடு. சும்மா இருந்தால் வெறும் கட்டம். முதல் தடவை பாதி தப்பாகத்தான் வரும், அழித்து எழுதுங்கள். என் தாளில் ஆறேழு சுற்றுக்குப் பிறகு சாய்கோடுகள் வரிசைகளின் வலது பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தன. காரணம் எளிது. மெட்டு முதல் இரண்டு கட்டத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடும், பின்னிரண்டில் இடம் காலியாகும். அதிலும் நான்காவது கட்டத்தின் ஓரத்தை விடாதீர்கள். ஐந்தாவதில் கார்டு மாறுகிறது; வாசலைத் திறந்துவிடுவது மாதிரி டிராம்போன் அங்கே முன்கூட்டியே ஏறத் தொடங்கும்.

படி 5: வழுக்கல் எப்படி வருகிறது

டிராம்போனுக்கு விசை கிடையாது, நீட்டி இழுக்கும் குழாய்தான். ஏழு நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் அரைச் சுரம் இறங்கும். சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், சட்ஜமத்திலிருந்து பிரதி மத்யமம் வரை எத்தனை சுரஸ்தானமோ அத்தனை. ஒரே இழுப்பில் வழுக்கக்கூடிய தூரமும் அவ்வளவுதான். அதற்குமேல் வேண்டுமென்றால் உதட்டை மாற்றவேண்டும், அங்கே வழுக்கல் அறுந்துவிடும். எந்த இழுப்பை எங்கே வைப்பது என்பதில்தான் ஆளின் ருசி தெரியும்.

இந்தப் பாணிக்கு ‘டெயில்கேட்’ என்று பெயர். நியூ ஆர்லியன்ஸில் நடன நிகழ்ச்சிக்கு விளம்பரமாக வாத்தியக்குழுவை வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றவிடுவார்கள். குழாயை நீட்டினால் முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்குமே, அதனால் டிராம்போன்காரருக்கு வண்டியின் பின்பலகையைத் திறந்துபோட்டு அங்கே இடம்.

படி 6: வாயால் வாசியுங்கள்

மெட்டை முணுமுணுக்காதீர்கள், டிராம்போனை முணுமுணுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். 1926 பிப்ரவரியில் பதிவான ‘மஸ்க்ரட் ராம்பிள்’ இதற்குத் தோது, ஓரியின் பெயரிலேயே உள்ள உருப்படி. தொடக்கத்திலும் முடிவிலும் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தனி வாசிப்புகளை இப்போதைக்குத் தாண்டிவிடலாம். ஓரி தனியாக வாசிக்கும்போது சாதாரண ஆளாகத்தான் தெரிவார் என்பது என் அபிப்பிராயம். கூட்டத்துக்குள் இருக்கும்போதுதான் அவர் ராஜா.

பின்சேர்க்கை 1

‘பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்’ கேட்டேன், ஓரியின் சாயலே இல்லையே என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். அவர் காதுக்கு ஒரு சபாஷ். அது 1927 மே மாதத்து ஹாட் செவன், ஆம்ஸ்ட்ராங்கின் இன்னொரு குழு. அதில் ட்யூபாவும் (கீழ்ச்சுரம் ஊதும் பெரிய பித்தளை வாத்தியம்) டிரம்ஸும் உண்டு, ஓரி கிடையாது. டிராம்போன் ஜான் தாமஸ் என்பார்கள். 1928இன் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ அட்டையில் ஹாட் ஃபைவ் என்று இருந்தாலும் அதில் டிராம்போன் ஃப்ரெட் ராபின்சன். இணையத்துப் பாட்டுப் பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கின்றன. பெயரைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2

இதெல்லாம் உண்மையிலேயே அந்த நேரத்தில் மனோதர்மமாக வருவதா, இல்லை பாடம் பண்ணியதா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டும்தான். ‘ஓரீஸ் க்ரியோல் டிராம்போன்’ என்ற உருப்படியை 1922இல் அவர் குழுவிலும் 1927இல் ஹாட் ஃபைவிலும் பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். மற்றவர்கள் நிறுத்திவிட, அவர் மட்டும் குழாயை இழுக்கும் இடங்கள் உருப்படியின் பகுதியாகவே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றி, எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் இடங்களில்தான் அசைவு. யார் எந்த வேலை என்பது முன்பே முடிவானது. அந்த வேலையை அன்றைக்கு எப்படிச் செய்கிறார்கள் என்பது அன்றையது.

பின்சேர்க்கை 3

கட்டம் போடும் வேலை ஒத்துவரவில்லை, வேறு வழி உண்டா என்று கேட்டவருக்கு: 1927 டிசம்பரில் பதிவான ‘சவோய் ப்ளூஸ்’. இதுவும் ஓரி இயற்றியதுதான், கூட லோனி ஜான்சனின் கிடார். பாதிக்குமேல் நகர்த்திவைத்து, கடைசிச் சுற்றுகளை மட்டும் கேளுங்கள். டிராம்போனின் இழுப்பு அங்கே அவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது. தாளும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம், கையே தானாக நீளும்.